இறுகிய கதவுகள்

தனுஷிகா அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கிளார்க்காக வந்த கொஞ்ச நாளிலேயே, பழுதுகளைப் போனில் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தாள். எது கெட்டாலும் படம் எடுத்து இடத்தின் பெயரோடு போட வேண்டும். எல்லாருடைய போனிலும் அது சிவப்பாகத் தெரியும். சரிசெய்ததும் பச்சையாகும்.

"யார் போட்டதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் தூள் சலிக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் யோகேஸ்வரி.

"தெரியும் அக்கா."

"அப்ப யாரும் போட மாட்டாங்க."

மழை பிடிக்கும்வரை அப்படித்தான் இருந்தது. மழை விடாமல் அடித்தபோது யோகேஸ்வரியே முதலில் போட்டாள்: சலிக்கும் அறைக் கதவு இறுகுது. மெக்கானிக் மதுரன் பலகையைச் சீவிவிட்டுப் பச்சையாக்கினான். மறுநாள் அது மறுபடி இறுகியது. தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஒட்டிய இடத்திலேயே திரும்பவும் பிளந்தது. மழைத்தண்ணீர் போகும் பின்பக்கக் கானில் சேறாக ஓடுகிறது என்று ஒருவர் போட்டார். தொழிலாளர் வீடுகள் இருக்கும் மேல் லயத்திலிருந்தும் ஒரு கதவுப் பழுது வந்தது.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் விஜேந்திரனுக்கு எரிச்சல். "கதவு, கதவு, கதவு. மழைக்குப் பலகை ஊதத்தானே செய்யும்? நாளைக்கு மேனேஜர் தொரை பாப்பாரு. எல்லாத்தையும் பச்சையாக்கிடும்மா."

ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்த தனுஷிகா பாதியில் நின்றாள். எல்லா இடமும் மலைப் பக்கம். ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பழுதுகூட வரவில்லை. கடைசியாக மதுரன் காலையில் போட்டிருந்ததைப் பார்த்ததும் எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு டீமேக்கரிடம் போனாள்.

"பலகை ஊதும், சரிங்க ஐயா. அடுப்பறைக் கதவும் இறுகுதாம், அது இரும்புங்களே."

அவர் குடையை எடுத்தார். அடுப்பறைக் கதவை மதுரன் தோளால் முட்டித் தள்ள, அது கொஞ்சம் திறந்தது. உள்ளே சிமெந்துத் தரை பிளந்து கிடந்தது, கை நுழையும் அகலத்துக்கு. அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

"மலை நகருது. சங்கு ஊதச் சொல்லு," என்றார் டீமேக்கர்.

யோகேஸ்வரி மேல் லயத்தில் கதவு கதவாகத் தட்டினாள். "சட்டி பானை கிடக்கட்டும். பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வாங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தொரை அடிக்கடி போனில் கூப்பிட்டார், மெஷினை எப்போது போடுவது என்று. "இன்னும் கொஞ்சம் பாப்போம் சேர்," என்றே டீமேக்கர் சொல்லிக்கொண்டிருந்தார். லயத்துக்குத் திரும்பலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எல்லார் பார்வையும் தனுஷிகா மேல் இருந்தது. தான் நினைத்தது தப்பாகவே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம், லொறியில் கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் கீழே நகர்ந்து வந்தன. பிறகு சலிக்கும் அறை அங்கே இல்லை.

அம்மாமார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் யோகேஸ்வரிக்கு அழுகை வந்தது.

மூடுபனி சற்று விலகியது. மலையின் மறுபாதி மேல் லயத்துக்கு நேர் மேலே அப்படியே நின்றது, விளிம்பில் செடிகள் சாய்ந்தபடி.

"அந்தப் பாதி?" என்றாள் யோகேஸ்வரி.

"தெரியல அக்கா."

மழை இன்னும் விட்டபாடில்லை.