காற்றுப் போகாத ஊர்

1988ஆம் ஆண்டு தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து டென்மார்க்கின் நோர்பி பட்டணத்தில் ஒரு சைக்கிளுக்கும் காற்றுப் போகவில்லை. ஹொல்ஸ்டெப்ரோவுக்கும் ஸ்கீவவுக்கும் நடுவில், மழையையும் காற்றையும் தவிர வேறொன்றும் தாராளமாக இல்லாத சின்னப் பட்டணம் அது. உடைந்த பியர்ப் போத்தல்மேல் ஓட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடப் பொடியள் பலகையில் ஆணி அடித்து அதன்மேல் ஏற்றிப் பார்த்தார்கள், ஆணிதான் வளைந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒரு தபால்காரனின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, நமது பாதைகளின் தரம் உயர்ந்திருக்கிறது என்று எழுதியது. இரண்டு கிழமை அதிசயப்பட்டார்கள், பிறகு பன்றி விலையைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டார்கள். அந்த ஊரில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவனை யார் நினைத்தது?

அவன் பெயர் ஸ்ரனிஸ்லாஸ், மன்னார்ப் பேசாலையான். அகதியாக வந்து, மொழி படித்து, ஓய்வுக்குப் போன ஒரு டெனிஷ் கிழவனிடமிருந்து சைக்கிள் திருத்தும் கடையை எடுத்து, வாசலில் தன் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டவன். 'ஸ்ரனிஸ்லாஸ்' என்ற பெயரை அந்த ஊரில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் காற்றுப் போனால் எல்லாருக்கும் வழி தெரிந்திருந்தது. மனைவி மேரிசெலினும் மகள் ஸ்ரெபானியும் பேசாலையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட முந்தின வருடமே விண்ணப்பம் கொடுத்திருந்தான். தொழில் என்ற இடத்தில் 'சொந்தக் கடை' என்று பெரிய எழுத்தில் எழுதினானாம், பெருமையில்.

பிரேக்கும் செயினும் ஒரு மனிதனுக்குச் சோறு போடாது. ஒட்டுத்தான் சோறு. ஒட்டுப் போடுகிற சொலூசன் பசை அதன் குழாய்க்குள்ளேயே காய்ந்து கல்லானது. அவனோ காலையில் கடையைத் திறந்து, துடைத்த திருகுசாவிகளைத் திரும்பத் துடைத்து, மாலையில் பூட்டினான். சித்திரைக்குள் இறைச்சி நின்றது, வைகாசிக்குள் பால் நின்றது. ஹொல்ஸ்டெப்ரோவில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற அவன் கூட்டாளி நேசரட்ணம் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். "விசரே உனக்கு? வேலை இல்லாதவனுக்கு இங்கத்தை நகரசபை, கொம்யூன், காசு குடுக்குது. போய்க் கேள். செத்துப் போனியெண்டால் மேரிசெலின் ஆரிட்ட வாறது?"

ஸ்ரனிஸ்லாஸ் போகவில்லை. காரணம் ஸ்கீவ தேவராசா. மாதப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் அந்த மனிதன் ஒருநாள் திருவாய் மலர்ந்திருந்தார். "கொம்யூன் காசு தின்னுறவன்ர ஃபைலில சிவப்புப் புள்ளி வைப்பாங்கள். பெண்சாதி பிள்ளை வராது. சொல்லிப்போட்டன்." அவருக்கு இதை யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் இலங்கையில் பட்டாளத்தின் பட்டியலில் பெயர் ஏறினால் அந்த வீட்டுக் கதவை எந்த நேரத்தில் தட்டுவார்கள் என்று கண்டுவந்த சனம் நாங்கள். அரசாங்கத்திடம் கை நீட்டினால் அரசாங்கம் பெயரைக் கேட்கும், பெயரைக் கேட்டால் நல்லதுக்கில்லை, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. பூசைக்கு வந்த அத்தனை பேரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கடைசியில் ஐப்பசிக் குளிரில் நேசரட்ணம் அவனைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கொம்யூனில் இருந்த இங்கா என்ற பெண் நல்லவள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த நாள் கடைக்கே வந்து, குத்தூசியை வாங்கித் தன் சைக்கிள் ரயரில் பலம்கொண்ட மட்டும் குத்தினாள். ஊசி முறிந்தது. வேலை இல்லை என்பது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டாள். "ஆனால் கடை இருக்கிறதே" என்றாள். கடை இருந்தால் நாளைக்கு ஆள் வரலாம். உதவி வேண்டுமென்றால் பதிவை நீக்க வேண்டும், சாமான்களை விற்க வேண்டும், வாசல் பலகையைக் கழற்ற வேண்டும். ஒரு ஒட்டுக்கூடப் போடக் கூடாது. அவள் விதியைச் சொன்னாள். அவனுக்குக் கேட்டதோ, மேரிசெலினின் விண்ணப்பத்தில் 'சொந்தக் கடை' என்று எழுதியதைப் பொய்யாக்கு, அதன்மேல் சிவப்புப் புள்ளியும் வை என்று. நன்றி சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த மாரி முழுக்க அவன் தின்றது உருளைக்கிழங்கு கிண்டிய வயல்களில் பொறுக்கிய கிழங்கு. அதையும் நேசரட்ணம் கண்டுவிடக் கூடாதென்று கடையின் பின்பக்கத்தில் அவித்தான். பேசாலைக்குக் கடிதம் மட்டும் தவறாமல் போனது. கடை நல்லாய் ஓடுது, மூச்சுவிட நேரமில்லை, வந்தவுடனே பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சைக்கிள் என்று எழுதினான். பாவி, பல் ஆடத் தொடங்கியிருந்தது அவனுக்கு.

1989 தை மாதம் மேரிசெலின் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை சண்டையில் மூடியிருந்தது. பங்குச் சாமியார் தந்தி அடித்தார். அதே மாரியில்தான் டெனிஷ் பத்திரிகைகளில் விசயம் வெளிவந்தது. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைப் பார்க்காமல் ஓரமாய்ப் போடச் சொல்லி மேலிடத்தில் உத்தரவாம். தேவராசா ஸ்கீவவில் அதைச் சத்தமாய் வாசித்துத் தமிழில் சொன்னார். காசு தின்றவன், தின்னாதவன், கடை வைத்திருந்தவன், தொழிற்சாலைக்குப் போனவன் எல்லாருடைய ஃபைலும் ஒரே குவியலில்.

"அப்ப என்ரயை ஒருத்தரும் திறந்தே பாக்கேல்லையோ, அண்ணை?" என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டான்.

"இல்லைப் போல கிடக்கு."

"நான் பசி கிடந்ததை?"

தேவராசா பத்திரிகையை மடித்தார். சிவப்புப் புள்ளி வைக்கவாவது ஒருவன் அந்த ஃபைலைத் திறந்திருக்க வேண்டாமா! அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

சத்தம் பெரிதானபிறகுதான் ஃபைல்களைத் திறந்தார்கள். அந்த வருடம் ஆவணியில் ஒன்பது வயது ஸ்ரெபானி ஊர்ப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அடுத்த நாளே ஸ்ரனிஸ்லாஸ் உதவிக் காசு கேட்டு இங்காவிடம் போனான். சாவிகளை விற்றான், பம்பை விற்றான், பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தான். அவன் பதிவு நீங்கிய அன்று காலை நோர்பியின் அத்தனை சைக்கிள்களுக்கும் காற்றுப் போனது. தபால் மத்தியானம் கடந்து வந்தது. பத்திரிகை பாதைகளின் தரத்தைக் கண்டித்து எழுதியது. சனம் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்து நின்றது. தொட்டால் உதவிக் காசு நின்றுவிடும் என்று அவன் கையை விரித்தான். சட்டத்தை மதிக்கிற சனம், தலையாட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனது. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டு ஒட்டுப் போட்டார்கள். அவனுடைய வான் வண்டி திரும்புவதற்குள் காற்று இறங்கியது. அதன்பிறகு அந்த ஊரில் எல்லாரும் நேரத்தோடு எழும்பி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு சைக்கிள் மட்டும் ஓடியது. கோயிலில் கொடுத்த பழைய சிவப்புச் சைக்கிள். அதில் ஸ்ரெபானி பள்ளிக்கூடம் போய் வந்தாள். ஒரு வருடம் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு அவன் களவாய் ஒட்டுப் போடுகிறான் என்று யாரோ கொம்யூனுக்குச் சொல்லிவிட்டார்கள். இங்கா தலை குனிந்துகொண்டு வந்தாள். யார் திருத்தினது என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை, அதுக்குக் காற்றுப் போகவே இல்லை என்றான். அவள் நம்பினாள். "ஆனால் நான் என்னத்தை எழுத?" என்றாள்.

ஸ்ரனிஸ்லாஸ் முற்றத்தில் முழங்காலில் இருந்து, வால்வுக்கட்டையைக் கழற்றிக் காற்றைத் திறந்துவிட்டான், முதலில் முன் சில்லு, பிறகு பின் சில்லு. இங்கா பார்த்தாள், எழுதினாள், தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். புத்தகப் பையோடு நின்ற பிள்ளை ஏன் என்று டெனிஷில் கேட்டது.

"அம்மா வரவேணுமெண்டு பசி கிடந்தன்" என்று அவன் தமிழில் சொன்னான். "நீ சாப்பிடவேணுமெண்டு சும்மா கிடக்கிறன். நட, நேரம் போகுது."

அடுத்த நாள் விடியச் சில்லுகள் இரண்டும் இறுகி நின்றன. அவன் மறுபடியும் திறந்துவிட்டான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வீட்டில் காலையில் முதல் வேலை அதுதான், அதன்பிறகுதான் தேத்தண்ணீர் வைப்பார்கள்.