நீலம் அடங்கும் வரை

கரண்ட் போனதும் ஐலி எழுந்து, மெழுகுவத்தி இருக்கும் இழுப்பறைக்கு நேராகப் போனாள். தடுமாறவில்லை, தேடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஆர்மாஸுக்கு மனசு குளிர்ந்துபோனது.

குவோப்பியோ நகரத்தில் இருக்கும் மகள் மெர்வியோடு காலையில்தான் ஃபோனில் ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தார். முதியோர் இல்லத்தில் ஐலிக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம், இன்றைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடுமாம்.

"அம்மாவுக்கு என் பேரே மறந்துபோச்சுப்பா" என்று அழுதாள் மெர்வி.

"பேர் மறந்தா என்ன இப்ப? கை காலு எதையும் மறக்கல. நான் இருக்கிற வரைக்கும் அவ இந்த வீட்லதான் இருப்பா" என்று கத்திவிட்டு வைத்தார். ஐலிக்கு அவர் அப்படித்தான் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கூட இருந்தவளைக் கொண்டுபோய் ஓரிடத்தில் விட்டுவிட்டு வர மனசு வருமா?

வெளியே பனிப்புயல் ஊளையிட்டது. எங்கோ மரம் சாய்ந்து கம்பியை அறுத்திருக்க வேண்டும். சுவர் ஹீட்டர்கள் ஆறிப்போயின. கிணற்று மோட்டார் ஓடாததால் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆர்மாஸ் பெரிய செங்கல் அடுப்பில் பிர்ச் மர விறகை அடுக்கிப் பற்றவைத்தார்.

அந்த அடுப்பு ஐலியின் ராஜ்ஜியம். விறகு எரிந்து கங்கானதும் புகைபோக்கித் தகட்டை மூடிவிட்டால் சூடு விடியும் வரை வீட்டுக்குள்ளேயே தங்கும். ஆனால் கங்கின் மேல் நீலச் சுடர் ஆடும்போது மூடினால் போச்சு. விஷக்காற்று வீட்டுக்குள் திரும்பும். வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது, தூங்குகிற மாதிரியே ஆளை முடித்துவிடும். ஐலியின் அக்கா சின்ன வயதில் அப்படித்தான் போனாள். அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஆர்மாஸைத் தகட்டுப் பக்கமே அவள் விட்டதில்லை. "நீலம் இருக்குல்ல? கையை எடு, அவசரக்குடுக்கை!" என்று எத்தனை தடவை கையில் அடித்திருக்கிறாள்!

"ஏரியில போய்த் தண்ணி கொண்டாரேன். அடுப்பைப் பாத்துக்கிறியா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா, கிழவா? போ, போ. மூக்கை மூடிக்கிட்டுப் போ. ஏற்கெனவே அது அழுகின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். எதை மறந்தாலும் இவள் அடுப்பை மறப்பாளா? இதை மெர்வி பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

உறைந்த ஏரியில் தண்ணீர் மொள்ள வெட்டியிருந்த துளை மறுபடி உறைந்து கிடந்தது. கோடரியால் கொத்தி, இரண்டு வாளி மொண்டு, முழங்கால் புதையும் பனியில் திரும்பி வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் கதகதப்பு முகத்தில் பட்டது. அப்பாடா என்றிருந்தது. ஐலி நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்தவள் போலிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் வாளியை இறக்கிவைத்தவர் அடுப்பைப் பார்த்தார். கங்கின் மேல் நீலம் ஆடிக்கொண்டிருந்தது. மேலே தகடு மூடியிருந்தது.

"ஐயோ, ஐலி!"

தகட்டைத் திறந்தார். கதவை உதைத்துத் தள்ளி, அவளை வாசல் படிக்கு இழுத்துப் போனார். கம்பளியைச் சுற்றிவிட்டுக் கன்னத்தில் தட்டினார். பனியை அள்ளி நெற்றியில் தேய்த்தார். ஃபோனில் சிக்னல் இல்லை, டவருக்கும் கரண்ட் போயிருந்தது.

"கண்ணைத் தெற. என்னைத் திட்டவாவது செய், ஐலி!" என்று வாய்விட்டு அழுதார்.

அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து அவரை முறைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? கதவை மூடு, சூடெல்லாம் போகுது!"

"தகட்டை யார் மூடினது?"

"நான்தான். நீ என்னைக்கு ஒழுங்கா மூடியிருக்க?"

"நீலம் இருந்துச்சே, ஐலி."

"இருந்துச்சு. ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள் அவள். "அதுக்கென்ன?"

ஆர்மாஸ் அவளை அணைத்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வீட்டு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. பின்னாலேயே ஃபோன் அடித்தது.

"அப்பா, எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்! அம்மா நல்லா இருக்காளா?"

"மொதல்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. அடுப்புக் காத்தை மூச்சுல இழுத்துட்டா. இப்பப் பேசுறா, பயப்படாத." அவர் ஐலியின் கம்பளியை இழுத்துவிட்டார். "மெர்வி, அந்த இடம் இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா" என்றாள்.

"சரின்னு சொல்லிடு."

ஐலி அவர் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். "எந்த இடம்? நாம எங்கயாவது போறோமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப இரு, கெளம்புறதுக்கு முன்னாடி நான் அடுப்பைப் பாத்துட்டு வரேன். உனக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள்.