ஆறாத புண்ணும் அடித்த வரிகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அக்காவிடம் திட்டு வாங்கித்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். நான் ஆய்வுக்கூடத்தில் கொழுப்புத் திசுவை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றுகிறவள். அக்கா பேருந்து ஓட்டுநர், பருத்த உடம்பு, சர்க்கரை நோயும் உண்டு. வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. உடம்பைக் குறை என்றேன்.

"எப்பப் பாரு பாடம் நடத்தாத. எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடு, அப்புறம் பாக்கலாம்."

2

முதல் தொடக்கம்: 'உடல் பருமனுக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பு…' [அடித்துவிட்டேன். அக்கா கொட்டாவி விடுவாள்.]

இரண்டாவது: கொழுப்புச் செல் ஒரு சாமான் அறை. அளவுக்கு மீறித் திணித்தால் சில செல்கள் வீங்கிச் செத்துப்போகும். அவற்றைச் சுத்தம் செய்ய நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து வட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். நுண்ணோக்கியில் தினமும் பார்க்கிறேன். வேலை முடியவே முடியாது; 'இன்னும் ஆள் அனுப்பு' என்று கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் கூச்சல் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். [சர்க்கரை ஏறுவதற்கும் புண் ஆறத் தாமதமாவதற்கும் இதுவும் ஒரு காரணம்.]

அக்கா படித்தாள். "அதுங்களுக்கு லீவே கிடையாதா? பாவம்டி."

மறுநாளே சாப்பாட்டைக் குறைத்தாள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள்.

3

[இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.]

சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே போர்வை. மழைநாளில் என் சில்லிட்ட பாதங்களை அவள் வயிற்றில் வைத்துவிடுவேன். "சனியனே, காலை எடு!" என்று கத்துவாள், கை மட்டும் போர்வையை என் பக்கம் இழுத்துவிடும். அவளை ஒட்டிப் படுத்தால் இடிச்சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். அந்தக் கதகதப்புக்கு இன்றும் ஏங்குகிறேன். அந்த வயிற்றையா வில்லனாக எழுதுவது? என் பேனா நகர மறுத்த… [பொய். கைபேசியில்தான் தட்டுகிறேன்.]

4

"கடைசில என்னை ஒல்லியாக்கிடாத. எனக்கே என்னை அடையாளம் தெரியாது," என்றாள் அக்கா. சரி என்றேன்.

புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் போன முறையே சொல்லிவிட்டார். விரல் போனால் வண்டியும் போச்சு என்று அக்கா பயப்படுகிறாள்.

முடிவு ஒன்று: புண் மூடியிருக்கிறது. அக்கா திங்கட்கிழமை வண்டி எடுக்கிறாள்.

முடிவு இரண்டு: [எழுதவில்லை.]

இப்போது புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கட்டுப்போடும் அறையில் இருக்கிறோம். அக்கா என் இடது கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மற்ற கையால் இதைத் தட்டுகிறேன். நர்ஸ் கத்தரியோடு வந்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, நான் பார்க்கப்போவதில்லை. கட்டை, இதைப் படிக்கிற நீங்கள்தான் பிரிக்க வேண்டும். துணி ஒட்டியிருந்தால் நனைத்து எடுங்கள், வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள்.