மூன்றாவது இடம்

புவியியல் பாடத்தில் இனி நியாயமாக முடிவெடுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. எட்டாம் வகுப்புக்கு நான்தான் புவியியல் ஆசிரியர். ஆகவே நியாயமும் என் தலையில் விழுந்தது.

என் மனைவியின் அண்ணன் நகராட்சிப் பொறியாளர். அவரிடம் ஒரு வரைபடம் கேட்டேன். தெருப் பெயர்களை அழித்து, மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்கத் தானும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவது என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும்.

"யார் வீடுன்னு பாக்காதீங்க. யாருக்குக் கெடுதல்னு மட்டும் பாருங்க" என்று முழங்கினேன்.

வகுப்பில் ஒருத்திக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். முதல் இடம் ஆற்றை ஒட்டியது, இரண்டாவதில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் கிணறு, மூன்றாவதில் கழிவுநீர் கீழே இறங்காத களிமண் தரை, குழாய்த் தண்ணீர், நாற்றம் மட்டும்தான் தொல்லை என்று புட்டுப் புட்டு வைத்தாள். மொத்த வகுப்பும் மூன்றுக்குக் கை தூக்கியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சான் என்னைவிடப் பூரித்துப்போய் எழுந்து வந்தார். அலுவலகமும் அதே இடத்தைத்தான் யோசிக்கிறதாம். பிள்ளைகளே சொன்னதாக எழுதிவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்களாம். எந்தத் தெரு அது என்று கேட்டேன். காதோடு சொன்னார். என் தெரு. புதிதாகக் கட்டிக் குடிபோன வீட்டுக்கு நேர் பின்பக்கம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரைபடம் படிக்கச் சொல்லித்தரும் எனக்குச் சொந்தத் தெரு அடையாளம் தெரியவில்லை.

தெரிந்தேதான் செய்தீர்களா என்று பல்லைக் கடித்தேன்.

"நான் சொன்னா தங்கச்சி என்னைச் சும்மா விடுவாளா மாப்ள? அதான், பசங்க வாயால வரட்டும்னு."

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். மூன்றாவது இடத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள், நானே அங்குதான் குடியிருக்கிறேன், இன்னொரு தடவை யோசியுங்கள் என்றேன். குரல் தழுதழுத்தது, அதில் பாதி நடிப்பு. என்மேல் பிரியமுள்ள பிள்ளைகள், பாவம். எல்லாக் கைகளும் இரண்டாவது இடத்துக்கு மாறின. வக்கீலின் கையும்தான்.

அதுதான் எனக்கு உறுத்தியது. கிணறெல்லாம் என்ன ஆகும் என்று அவளைக் கேட்டேன்.

"எங்க வீட்டுக் கிணறும் அதுல இருக்கு சார். படத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. பரவால்ல, உங்களுக்காகத்தானே."

மச்சான் பேனாவைத் திறந்து, அப்படியானால் இரண்டா என்று கேட்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"மூணுன்னே எழுதுங்க மச்சான்" என்றேன். "சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."