எதிர் இழையில் ஒரு எழுத்து

அக்கா மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. என் மனைவியின் கருவிலிருந்து எடுத்த மாதிரிக்கு முடிவு வந்ததும் அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டாள்.

என் மச்சினன் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தவன். ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் அவன் உடம்பில் உருவாகவில்லை. அந்தக் கோளாறு என் மனைவி வழியாக, அவள் வயிற்றிலிருக்கும் எங்கள் மகனுக்கும் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஒரே ஒரு எழுத்துதான்டா மாறியிருக்கு. மரபணுவை மூணு மூணு எழுத்தாப் படிக்கணும். ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலம், அதையெல்லாம் கோத்தா புரதம். சிடிஜி இருந்த இடத்துல சிடிஏ இருக்கு. ரெண்டுக்குமே லூசின்கிற அதே அமிலம்தான் வரும். புரதம் மாறாது, நிம்மதியா இருங்க."

மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். லூசின் என்றால் சோப்பா பவுடரா என்றுகூடத் தெரியாத நான், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

சாயங்காலம் அக்காவே வந்து நின்றாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"தப்பாப் படிச்சுட்டேன்டா. டிஎன்ஏவுல ரெண்டு இழை எதிரும் புதிருமா ஓடும். இந்த மரபணு எதிர் இழையில இருக்கு. அவசரத்துல நேர் இழையைப் பாத்துட்டேன். அங்க சிக்கு எதிர ஜியும் டிக்கு எதிர ஏவும் இருக்கும். அந்தக் கோடியிலேர்ந்து படிச்சா, சிஏஜி போய் டிஏஜி வந்திருக்கு."

"அதுக்கு என்ன அமிலம்?"

"எதுவும் இல்ல. அதோட நிறுத்துன்னு அர்த்தம். புரதம் பாதியிலயே நின்னுடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உன்னை யாரு பாக்கச் சொன்னா? பெரிய மேதாவி! வெளிய போ!"

அந்த நிமிஷம் அவளை உண்மையாகவே வெறுத்தேன். அவள் வாசலுக்குத் திரும்பினாள். மனைவி வயிற்றைப் பிடித்தபடி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்க போறீங்க அண்ணி? பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும். இல்லாத புரதத்தை ஊசியாப் போடலாம்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? அதை எனக்கு யாரு கத்துக்குடுப்பா, உங்க தம்பியா? அவருக்குக் கத்தத்தான் தெரியும். உக்காருங்க."

அக்கா உட்கார்ந்த பிறகுதான் மனைவியும் உட்கார்ந்து அழுதாள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டோம்.