முத்துச்செல்வி தைத்த இருட்டு

வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் வடக்குப்பட்டுக்கு நேரிலேயே வந்து விசாரித்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் பஸ் வருகிற நேரத்தில் மட்டும் வர வேண்டாம், நின்று பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

முத்துச்செல்விக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது தப்பு. தூக்கம் வந்துகொண்டேதான் இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு லைனில் நிற்கும்போது வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வந்தது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியைத் தூக்கிக் கவிழ்ப்பதற்குள்ளே ஒரு தடவை வந்துபோனது. காலை ஏழு மணிக்கு வடக்குப்பட்டில் இருக்கும் அறைக்கு வந்து மெத்தையில் தலையை வைத்தால்தான் வராது. அந்த அறைக்குக் கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல். காலையில் சூரியன் நேராக உள்ளே வந்தது. மத்தியானத்துக்கு மேல் எதிரே இருந்த தகர கோடவுனில் பட்டுத் திரும்பி மறுபடியும் வந்தது. சூரியனும் டபுள் ஷிஃப்ட் பார்ப்பதுபோல் இருந்தது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை, செல்ஃபோன் மூடியைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் மூடி. கண்ணை மூடினாலும் உள்ளே மூடிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். லைனில் தலை சாய்ந்ததற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கிவிட்டாள். மூன்றாவது மெமோ என்றால் காண்ட்ராக்டர் ஆள் கணக்கை முடித்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடுவான். ஊரில் தம்பி பாலிடெக்னிக்கில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பகலில் தூங்க வேண்டும்.

அறைத் தோழி கனகலட்சுமிக்கு இந்தக் கவலை இல்லை. அவளுக்குப் பகல் ஷிஃப்ட். ஒரே மெத்தையில் ராத்திரி அவள், பகலில் இவள். வாரம் முழுக்க அந்த மெத்தை ஆறியதே கிடையாது.

"ஜன்னலுக்கு ஒரு ஸ்க்ரீன் போட்டாத்தான் என்னட்டி?" என்றாள் கனகலட்சுமி, ஒருநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டில் எதிர்ப்பட்டு, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே.

அதற்காகத்தான் முத்துச்செல்வி ஒரகடம் கூட்டுரோட்டில் நாகப்பன் கடைக்குப் போனாள். அது பழைய சாமான் கடை. காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் பக்கெட், ஃபேன், மடக்குக் கட்டில் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் அதையே வாங்கிப்போவார்கள். போகும்போது அடியில் பெயரைக் கீறிவிட்டுப் போவது வழக்கம். முத்துச்செல்வியின் பக்கெட்டில் பதினோரு பெயர் இருந்தது. அவளுடைய செல்லும் அங்கே வாங்கியதுதான். காலையா மாலையா என்று காட்டுகிற மூலையில் மட்டும் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்.

"இன்னா பொண்ணு, கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி கீது?" என்றார் நாகப்பன்.

"வெளிச்சம் உள்ள வராம தடுக்கதுக்கு ஏதாச்சும் துணி இருக்கா அண்ணாச்சி?"

நாகப்பன் யோசித்தார். பிறகு கடையின் பின்பக்கம் போய், ஒரு கறுப்பு மூட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"தண்டலத்துல ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ மூடிட்டான். ஃபோட்டோ கழுவுற இருட்டு ரூமுக்கு மாட்டிகினு இருந்த ஸ்க்ரீனு. நாப்பது வருசம் இருட்டுலயே இருந்த துணி. நாலு பேரு வாங்கினு போய் நாலு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏன்?"

"தெரில. கேக்கலாம்னா, ஒருத்தரும் முழிச்சிகினு இல்ல."

டீக்காசுக்கே கொடுத்துவிட்டார். கடையில் இடம் காலியானால் போதும் என்ற முகம். துணி அவ்வளவு கனம். ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு டிக்கெட் கேட்டார்.

முதலில் துவைத்தாள். முதல் பக்கெட் தண்ணீர் கறுப்பாக வந்தது. இரண்டாவதும் கறுப்பு. ஏழாவது பக்கெட்டை வாசலில் ஊற்றியபோது, உச்சி வெயிலில் அந்த ஈரத்தைச் சுற்றி நாலைந்து ஈசல் பறந்தது. வீட்டுச் சொந்தக்காரி சரோஜா மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாயம் போற துணிய வாசல்ல கசக்காதேன்னு எத்தினி தபா சொல்றது?" என்று கத்தினாள். அது சாயமில்லை. துணியின் நிறம் துளியும் குறையவில்லை.

தூக்கம் வராத பகல்களில் உட்கார்ந்து தைத்தாள். அங்கங்கே ஓட்டை. அதற்கு, பஸ் நிறுத்தத்தில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பொறுக்கிக் கழுவி, உள்ளிருக்கும் வெள்ளிப் பக்கம் வெளியே தெரிகிறமாதிரி பின்புறம் முழுக்க ஒட்டுப் போட்டாள். நூற்று நாற்பத்தாறு பாக்கெட். மாட்டுவதற்கு வளையம் வேண்டுமே என்று தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை வட்டமாக அறுத்தாள். கோல், கட்டட வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய். ஃபேன் காற்றில் அடிப்புறம் தூக்காமலிருக்கக் கனம் வேண்டும். நாகப்பன் கடையில் ஒரு டப்பா நிறையச் சாவி கிடந்தது, காலி செய்துவிட்டுப் போனவர்கள் திருப்பிக் கொடுக்க மறந்தது. அதைச் சும்மாவே கொடுத்தார். சாக்கு ஊசியால் ஒவ்வொரு சாவியாக அடி மடிப்பில் கோத்தாள். விரலில் ஊசி குத்தியது. வலிப்பதற்குள் ஒரு தடவை தூங்கி விழித்தாள்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து அதை மாட்டி இழுத்துவிட்டாள்.

வெளியே, வெள்ளிப் பக்கத்தில் பட்ட வெயில் வந்த வழியே திரும்பிப் போனது. எதிர் கோடவுன் கூரையில் சரோஜா காயப்போட்டிருந்த வடாம் பத்து நிமிடத்தில் காய்ந்தது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் பொரிந்திருக்கும். உள்ளே இருட்டு முதலில் மூலைகளில் நின்றது. பிறகு தரையில் பரவி, மெத்தை உயரத்துக்கு வந்து, கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டில் வழிந்தது. கீழே சரோஜாவின் கோழிகள் காலை ஏழே காலுக்கு வரிசையாகக் கூண்டுக்குள் போயின. வாடகை அறையில் ஆணி அடித்ததற்குச் சண்டை போடப் படியேறி வந்த சரோஜா, எட்டாவது படியில் "ஏம்மா முத்…" என்று சொல்லி உட்கார்ந்தாள். மீதிப் பெயரைச் சாயங்காலம்தான் சொன்னாள்.

ஞாயிறு லீவு. மெத்தைக்கு இரண்டு பேரும் பங்கு. "ஏட்டி, கொஞ்சம் தள்ளிப் படு" என்று பக்கத்தில் சாய்ந்த கனகலட்சுமியையும் இருட்டு எடுத்துக்கொண்டது.

முத்துச்செல்வி விழித்தபோது செல்லில் மணி ஐந்து. காலையா மாலையா என்று சொல்லவேண்டிய மூலையில் விரிசல்தான் இருந்தது. இவ்வளவு கனமாகத் தூங்கியிருக்கிறோம், திங்கள் சாயங்காலம் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டாள். வெளியே மேகமூட்டம். மங்கலாக இருந்தது. கம்பெனி பஸ் காலையிலும் ஐந்தரைக்குத்தான் வரும், சாயங்காலமும் ஐந்தரைக்குத்தான். செல்லைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் ஏறினாள். கனகலட்சுமியை எழுப்பவில்லை. பகல் ஷிஃப்டுக்குக்கூடப் போகாமல் அசந்து தூங்குகிறாள், பாவம் என்று நினைத்தாள்.

அது திங்கள் காலை.

கனகலட்சுமி விழித்தபோதும் அந்தச் செல்லில் மணி ஐந்துதான். இன்னும் விடியவில்லை என்று நினைத்து, பல்லை விளக்கிக்கொண்டு திங்கள் சாயங்கால பஸ்ஸில் ஏறினாள்.

இப்படி இவள் பகலுக்கும் அவள் ராத்திரிக்கும் மாறிவிட்டார்கள். கம்பெனியில் ஒரு ஈக்குக்கூடத் தெரியவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களைக் கேட்டில் தலை எண்ணித்தான் விடுவார்கள், தலை சரியாக இருந்தது. உள்ளே போனால் தொப்பி, மாஸ்க், கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். எல்லாக் கண்ணும் ஒரேமாதிரி சிவந்திருக்கும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவன் சூப்பர்வைசர் ஜீவானந்தம் ஒருத்தன்தான். ஆள் பற்றாக்குறையால் அந்த வாரம் இரண்டு ஷிஃப்டும் அவனே பார்த்தான். ராத்திரி லைனில் ஏழாம் நம்பர் இடம் முத்துச்செல்வியுடையது. இரண்டு மெமோ வாங்கிய பெண். சட்டைப்பையில் மூன்றாவது மெமோவைத் தயாராக எழுதியே வைத்திருந்தான், தேதி மட்டும் போடவேண்டும். ஆனால் அந்த இடத்தில் இருந்த கண்கள் ஆந்தைபோல் விழித்திருந்தன. ஒரு வாரம் பார்த்தான். ஒரு இமைகூடச் சாயவில்லை.

"ஏதோ மாத்திரை போடுது" என்று முடிவு கட்டினான். நன்றாகத் தூங்கி எழுந்து வந்த ஆள் இப்படித்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு ஆளை அவன் அந்த லைனில் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை, பைக்கை எடுத்துக்கொண்டு வடக்குப்பட்டுக்கு வந்துவிட்டான். எட்டாவது படியில் குறட்டை விட்ட சரோஜாவைத் தாண்டி மேலே வந்து கதவைத் தட்டினான். உள்ளே திரையை ஒதுக்கிவிட்டு இரண்டு பெண்களும் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள்ல யாரும்மா முத்துச்செல்வி?" என்றான். ஆறு மாதம் வேலை வாங்கியிருக்கிறான், மூக்கையும் வாயையும் பார்த்ததில்லை.

முத்துச்செல்வியின் கையில் இருந்த சோற்று உருண்டை கையிலேயே நின்றது. "நாந்தான் சார்."

"எனக்கு ஒளிக்காம சொல்லிடு. இன்னா மாத்திரை போடற? டேப்லெட் போட்டு லைன்ல நிக்கிறது சேஃப்டி இஷ்யூ. இப்பவே மெமோவுல தேதி போட்டா நாளைக்கு நீ ஊர்ல இருப்ப."

"மாத்திரைலாம் இல்ல சார். அந்த ஸ்க்ரீன்தான்."

"ஸ்க்ரீனா?"

"சொன்னா நம்பமாட்டிய. உக்காருங்க, காட்டுதேன்."

அவன் கண்களையும் அப்போதுதான் அவள் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்ததைவிட மோசமாக இருந்தன. தாடையில் இரண்டு நாள் முடி. உட்காரு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று வாரக் கணக்கில் காத்திருந்தவன்போல, ஷூவைக்கூடக் கழற்றாமல் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தான். கோபத்தை நல்லபடியாக ஆரம்பிக்க ஒரு கையால் மெமோவை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

கனகலட்சுமி சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முத்துச்செல்வியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்தாள். சாவிகள் ஒரு தடவை கிலுங்கி நின்றன. "ஸ்க்ரீன்ல இன்னா கீ…" என்று உள்ளிருந்து கேட்டது. அவ்வளவுதான்.

இரண்டு பேரும் படியில், சரோஜாவுக்கு மேலே ஒன்பதாவது படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மத்தியானம் ஆனது. அவனுடைய செல் பத்து தடவை அடித்து ஓய்ந்தது.

"செத்துகித்துப் போயிட்டாராட்டி?" என்றாள் கனகலட்சுமி.

"மூச்சு சத்தம் கேக்குல்லா. தூங்கட்டும். எந்திரிச்சதும் தேதி போடப்போறாரு." முத்துச்செல்வி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊருக்குப் போனால் தம்பியிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். யோசிக்கவும் அசதியாக இருந்தது.

இரண்டு பேரும் மாறி மாறி ஷிஃப்டுக்குப் போய்வந்து படியிலேயே காத்திருக்க, ஜீவானந்தம் செவ்வாய்க்கிழமை எழுந்தான். முகம் பத்து வயது குறைந்திருந்தது. கதவைத் திறந்து வெளிச்சத்தில் நின்று, ஞாபகமாகக் கையிலிருந்த தாளைப் பிரித்தான். பேனாவையும் எடுத்தான்.

தாளில் மெமோ இல்லை. இரண்டு நாள் அந்த இருட்டில் கிடந்த தாள் கழுவி எடுத்த ஃபோட்டோவாக மாறியிருந்தது. கறுப்பு வெள்ளையில், ஷூ போட்ட காலை மெத்தையில் நீட்டி, வாயை ஆவென்று திறந்துகொண்டு ஜீவானந்தம் தூங்குகிறான். கழுத்து அடையாள அட்டையில் நம்பர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

அவன் பேனாவை மூடிப் பைக்குள் போட்டான். இரண்டு நாள் டூட்டிக்கு வராததற்கு அவனுக்கே ஒரு மெமோ காத்திருந்தது.

"இத யார்கிட்டயும் காட்டிடாதமா" என்றான் மெதுவாக.

"எதை சார்?"

"இல்ல, ஒண்ணுமில்ல. பழைய ரெண்டு மெமோவையும் கிழிச்சிடறேன்." இரண்டு படி இறங்கியவன் திரும்பினான். "அடுத்த ஞாயித்துக்கிழம ஃப்ரீயா இருப்பியா? எனக்கில்ல, என் வீட்டுக்காரி வந்து கொஞ்சம் தூங்கணும். அதுவும் நைட்டு ஷிஃப்ட்."

முத்துச்செல்வி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மெத்தை இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஓரத்தில் படுத்து, கண்ணை மூடினாள். மூடிகள் வரவில்லை.

நேரில் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒன்று: சரோஜா வீட்டு மாடியில் வாடகைக்கு விட்டிருப்பது மொத்தம் ஆறு அறை. அதில் ஒன்றுக்குக்கூட, அந்தத் திரை தொங்குகிற அறைக்கும்கூட, ஜன்னல் வைத்துக் கட்டவில்லை.