மூன்றில் ஒரு பங்கு

எங்கள் ஊரில் போர் வரும் சாத்தியம் எவ்வளவு என்பதைக் காலையில் சந்தை ஒலிபெருக்கியில் நான் அறிவிப்பேன். எவ்வளவு சாத்தியமோ, அவ்வளவு ஊர் வள்ளமேறி, கடலோரக் களப்பு நீரைக் கடந்து அக்கரைக்குப் போய்விடும். நூற்றுக்குப் பத்து என்றால், கூரை ஓட்டில் பத்தில் ஒரு பங்கைக் கழற்றி அனுப்புவார்கள். இருபது என்றால் ஐந்து கோழிக்கு ஒரு கோழியும் கூடப் போகும். மழை பெய்தால் மிச்சக் கூரையின் கீழ் நகர்ந்து உட்காருவார்கள்.

இந்த வேலையை நான் வெளிநாட்டில், வேறொரு மொழியில் படித்தேன். அங்கே எண்ணைக் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். இங்கே திரும்பி வந்ததும் எனக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் ஒலிவாங்கியும் தந்தார்கள்.

போருக்கு முன் தெரியும் அறிகுறிகள் எல்லாம் கோயில் திருவிழாவுக்கு முன்னும் தெரிகின்றன. அரிசி விலை ஏறும், பஸ்ஸில் இடம் கிடைக்காது, வெளியூர் ஆட்கள் வந்து கம்பம் நடுவார்கள். பழைய போர்களைப் பார்த்தாலோ, ஒன்றின் காரணம் மற்றதற்குப் பொருந்துவதில்லை. கூட்டிச் சொல்லிப் போர் வராவிட்டால் சிரிப்பார்கள். குறைத்துச் சொல்லி வந்துவிட்டால் ஏசுவார்கள். ஆகவே இரண்டிலும் தப்பக்கூடிய ஓர் எண்ணைத் தேடுவேன். அன்று முப்பத்துமூன்று என்றேன்; ஊர்க் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கு.

சற்று நேரத்தில் தவமலர் அறைக்குள் வந்தாள். அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

"அண்ணை, ஒண்டைக் குறையுங்கோ. முப்பத்திரண்டு எண்டால் எனக்கு ஒரு பிள்ளையும் போகத் தேவையில்லை. பிள்ளையைத் துண்டாக்கேலாதுதானே."

"அப்படிக் குறைக்க முடியாது தவமலர். ஆதாரம் வேணும்."

"முப்பத்துமூண்டுக்கு என்ன ஆதாரம்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கடைக்குட்டி லக்சிகாவைத்தான் ஏத்தியிருக்கு. அவள் தனியப் படுக்கமாட்டாள். அக்காவின்ர தலைமயிரைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவாள்."

"அப்ப அக்காவையும் கூட..."

"ரெண்டு பேரெண்டால் அறுபத்தாறு. சொல்லுவியளோ?"

"இல்லை."

"உங்களிட்டயிருந்து என்ன போனது? தனிக்கட்டை. ஒரு காலோ?"

"சட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு."

"நல்ல சட்டையோ, பழசோ?"

அனுப்பியவை எல்லாம் பழையவை.

ஜன்னலில் வள்ளக்காரர் அருமைநாயகத்தின் வள்ளம் தெரிந்தது. அவர் கோலை ஊன்றித் தள்ளிவிட்டார். லக்சிகா மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். முப்பத்திரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கும் ஆதாரம் இல்லை.

"போர் வருமா என்று எனக்குத் தெரியாது," என்றேன். "நேற்றும் தெரியாது."

ஊர் அதன்படியே நடந்தது. கூரைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, வைக்காமலும் கழற்றாமலும் கையில் தாங்கி நின்றார்கள். ஏணியில் ஏறியவர்கள் நடுப்படியில் நின்றார்கள். அருமைநாயகம் கோலை நீரிலிருந்து தூக்கிவிட்டார். வள்ளம் களப்பின் நடுவில் நின்றது.

தவமலர் எனக்கு நன்றி சொல்லவில்லை, ஏசவும் இல்லை. சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கினாள்.

"சும்மா நிக்காமல் வாங்கோ. இந்தத் தண்ணிப் போத்தலையாவது பிடியுங்கோ."

பிடித்தேன். இடுப்பளவு நீரில் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

"இண்டைக்கு மட்டும்தான் தெரியாதோ, நாளைக்கும் தெரியாதோ?"

"நாளைக்கும்."

"அப்ப பாயும் கொண்டு வந்திருக்கலாம்."

அருமைநாயகத்தின் வள்ளத்துக்குப் பக்கத்தில், எதிர்த்திசையில் இன்னொரு வள்ளம் நின்றது. அதிலும் மூட்டையோடு ஒரு சிறுமி.

"அக்கரைப் பிள்ளை," என்றார் அருமைநாயகம். "அங்கயும் இண்டைக்கு முப்பத்துமூண்டாம். எங்கட ஊர்தான் பாதுகாப்பு எண்டு அனுப்பியிருக்கினம். நீங்கள் தெரியாது எண்டதைக் கேட்டு, அங்க எண் சொல்லுற ஆளும் தெரியாது எண்டுட்டாராம்."

அந்த ஆள் தன் ஊர்த் தாய் ஒருத்திக்குப் பின்னால் சாப்பாட்டு வாளியோடு நீருக்குள் நின்றார். என் வயதுதான் இருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

தாய்மார் சோற்றைக் கலந்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டினார்கள். லக்சிகா காலைத் தொங்கவிட்டு, நான் நின்ற பக்கத்துத் தண்ணீரைத் தொட்டாள்.

"அம்மா, இது சுடுது."

மற்றவள் அந்த ஆள் நின்ற பக்கம் காலை விட்டு, "இங்கயும்," என்றாள்.

வெட்கத்தில் உடம்பு கொதிக்க நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். எங்களைச் சுற்றி நீரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. மீன் எண்ணெய் போகட்டும் என்று தாய்மார் இருவரும் எங்களிடம் வந்து, குனிந்து, அந்தச் சுடுநீரில் கை கழுவினார்கள்.